ஓட்டுகிறவர் பேர்

கதவைத் திறந்து உட்காரப் போன கனகராஜுக்கு முழங்கால் இடித்தது. ஓட்டுநர் இருக்கை ஸ்டீயரிங்கை முட்டுகிற அளவுக்கு முன்னால் இழுக்கப்பட்டிருந்தது. பத்து வயதுப் பிள்ளைதான் அங்கே உட்கார முடியும். அந்தப் பிள்ளைக்கும் மூச்சு முட்டும். அடியில் கையை விட்டுக் கம்பியைத் தூக்கி, இருக்கையைக் கடைசிப் பல் வரை பின்னுக்குத் தள்ளினான். அது வர மனமில்லாததுபோல் ஒவ்வொரு பல்லாகக் கடகடத்துக்கொண்டு வந்தது. உள்கண்ணாடியும் அப்படித்தான். பின்னால் வருகிற சாலையைக் காட்ட வேண்டிய கண்ணாடி, கீழே சரிந்து பின்சீட்டைக் காட்டிக்கொண்டிருந்தது.

"யாரு சார் இத ஓட்டுனது?" என்று கேட்டான்.

ஸ்கந்தராஜா போர்ச்சுத் தூணில் சாய்ந்து நின்றார். ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், ஆறடி உயரம். பாரிட் புந்தாரின் வயல் காற்று அவருடைய வெள்ளைச் சட்டையை உப்ப வைத்துக்கொண்டிருந்தது.

"மகன் ஆஸ்திரேலியாவுக்குப் போகேக்க விட்டிட்டுப் போனவன், தம்பி. அதுக்குப் பிறகு வீட்டில ஒருத்தருக்கும் ஓட்டத் தெரியாது. நானும் மனுசியும் பின்னாலதான் இருப்பம். சுகமாத்தான் போகும்."

டிரைவர் வைத்திருந்தார்கள் போலிருக்கிறது என்று கனகராஜ் நினைத்துக்கொண்டான். முதல்நாள் இரவு ஷிப்ட் முடித்து, தூங்காமல் பஸ் ஏறி வந்தவன். எதையும் இரண்டாம் முறை கேட்கிற தெம்பு அவனிடம் இல்லை.

வண்டி நன்றாகத்தான் இருந்தது. சிவப்பு நிறம், சின்ன உடம்பு, பெரிய இஞ்சின், ஆறு கியர் மேனுவல். இரண்டு பக்கமும் ஒவ்வொரு கதவுதான். பின்னால் ஏற வேண்டுமென்றால் முன்சீட்டைச் சாய்த்துக்கொண்டு நுழைய வேண்டும்.

"ஒண்டு மட்டும் யோசிச்சுக் கொள்ளும்," என்றார் ஸ்கந்தராஜா. "முன்னுக்கு இருக்கிறவர் இறங்கி வழி விட்டால்தான், பின்னுக்கு இருக்கிறவை இறங்கலாம்."

கையெழுத்துப் போட உள்ளே போனபோது, மேசைக்கு மேலே ஒரு புகைப்படம் மாட்டியிருந்தது. ஊதா நிறச் சேலை, மடித்த கையில் கறுப்புக் கைப்பை, மூக்குக் கண்ணாடி. பின்னால் இந்தச் சிவப்பு வண்டி. படத்துக்கு மாலை இல்லை.

"ஆன்ட்டி வீட்ல இல்லீங்களா, சார்?"

"அன்னபாக்கியமோ? கோயிலுக்கெண்டு ரெண்டு பேருமாத்தான் வெளிக்கிட்டனாங்கள்." பெரியவர் படத்தைப் பார்க்காமல் பேனாவை மூடினார். "அவ எங்க இறங்கினவ எண்டு எனக்குத் தெரியாது, தம்பி. நான் நித்திரை."

வயசாகிவிட்டது, பாவம், நினைவு தப்புகிறது. அப்படி எண்ணிக்கொண்டு கனகராஜ் எழுந்தான். சாவியை அவர் கையில் தரவில்லை. அது ஏற்கெனவே வண்டியின் கூரைமேல், வெயிலில் சுட்டுக்கொண்டு கிடந்தது.

அவன் இப்படி ஒரு வண்டியைத் தேடி அலைந்ததற்குக் காரணம் இருந்தது. கம்பார் பக்கம் ஒரு கையுறை ஆலையில் அவனுக்குப் பதினான்கு வருஷமாக இரவு ஷிப்ட். மனைவி குமுதா இறந்து நான்கு வருஷம். மகள் தினேஸ்வரி தாப்பாவில் கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கிறாள். வெள்ளிக்கிழமை சிலிபினில் இருக்கிற வீட்டுக்கு வருவாள். ஞாயிறு மாலை அவன்தான் கொண்டுபோய் விடுவான். ஜனவரியில் அப்படிப் போகும்போது, தெமோ ஊரைத் தாண்டி, ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே கண்ணயர்ந்துவிட்டான். பழைய வேன் சாலையோரத் தடுப்பில் உரசிக்கொண்டே முப்பது அடி ஓடி நின்றது. அவனுக்கு ஒரு கீறல் இல்லை. தினேஸ்வரிக்குத் தோள் எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் அவள் அழவில்லை, திட்டவுமில்லை. "இனிமே நான் பஸ்லயே போயிக்கிறேன், ப்பா" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வாரத்தில் அவளோடு உட்கார்ந்து பேசக் கிடைப்பது அந்த ஒரு மணி நேரம்தான். அதுவும் போயிற்று. ஏழு மாதம் யோசித்து அவன் ஒரு முடிவுக்கு வந்தான். மெத்தென்று போகிற வண்டிதான் தொட்டில்போல ஆட்டித் தூங்க வைக்கிறது. சாலையின் ஒவ்வொரு கல்லும் முதுகில் தெரிகிற வண்டி வேண்டும். இடது கை கியரை விட்டு எடுக்கவே கூடாது. சத்தம் காதில் விழுந்துகொண்டே இருக்க வேண்டும்.

சிலிபினில் பட்டறை வைத்திருந்த தீபன் அதையெல்லாம் ஒரே வாரத்தில் செய்துகொடுத்தான். விறைப்பான ஸ்பிரிங், புது பிரேக் பேட், நல்ல டயர், அடைப்பில்லாத காற்று ஃபில்டர், தொண்டை திறந்த எக்ஸாஸ்ட் பைப்பு. ஸ்டார்ட் செய்ததும் எதிர்க் கடைச் சீனர் எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, இந்த வண்டில ஒங்களுக்குத் தூக்கம் வரணும்னா மயக்க ஊசிதான் போடணும் லா," என்றான் தீபன். "ஒண்ணுதான் புரியல. சீட்டு ரயில்ல முன்பக்கம் மட்டும் தேஞ்சிருக்கு. பின்பக்கம் புதுசு மாதிரி இருக்கு. குள்ளமான ஆளா வச்சிருந்தாங்க?"

"டிரைவர் வச்சிருந்தாங்க போல."

"ஆளே உக்காராத மாதிரி பஞ்சு அப்படியே இருக்குண்ணே."

பூஜை போடாமல் மகளை ஏற்ற அவனுக்கு மனம் வரவில்லை. கோப்பேங்குக்கும் கம்பாருக்கும் நடுவில், பழைய சாலையிலிருந்து உள்ளே போகிற பத்தாங்கட்டைத் தோட்டத்தில் முனியாண்டி கோயில் இருக்கிறது. அந்த வழியாகப் போகிற லோரிக்காரர்கள் இன்றும் இரண்டு முறை ஹார்ன் அடித்துவிட்டுத்தான் போவார்கள். தோட்டத்தில் ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் எண்ணெய் எடுக்கிற செம்பனையாகி இருபது வருஷம் ஆகிறது. பூசாரி சன்னாசி மட்டும் பழைய தொழிலாளர் லயத்து வரிசையில் கடைசி வீட்டில் இருந்தார்.

காலை எட்டு மணி. ஷிப்ட் முடிந்து வந்தவனைப் பின்சீட்டில் படுக்கச் சொல்லிவிட்டுத் தீபன்தான் ஓட்டி வந்தான். கோயில் முன்னால் நிறுத்தி, இஞ்சினை அணைத்து, கதவைச் சாத்திவிட்டு, சிகரெட் பிடிக்கக் கோயிலுக்குப் பின்னால் போனான். சன்னாசி நான்கு சக்கரத்துக்கும் நான்கு எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, சூடம் எடுத்துவர உள்ளே போனார். கனகராஜ் பாதித் தூக்கத்தில், இதெல்லாம் சீக்கிரம் முடிந்தால் தேவலை என்று கிடந்தான்.

வண்டி நகர்ந்தது.

ஒரு முழம் தூரம்தான். நான்கு பழமும் ஒரே நேரத்தில் நசுங்குகிற சத்தம், ஈரமாக, மெதுவாக, அவன் முதுகுக்குக் கீழே கேட்டது. எலுமிச்சை வாசம் எழுந்தது. பிறகு வண்டி தானாக நின்றது. ஹேண்ட்பிரேக் இழுக்க மறந்துவிட்டான் தீபன், தரை சரிவு என்று எண்ணிக்கொண்டு, முன்சீட்டைத் தள்ளிச் சாய்த்துக் கனகராஜ் வெளியே ஊர்ந்து வந்தான்.

சூடத்தட்டோடு வந்த சன்னாசி பழங்களைப் பார்த்தார்.

"அதுக்குள்ள ஏத்திட்டீங்களா? யாருப்பா எடுத்தது?"

வேறு பழம் இல்லை. கடை நான்கு கிலோமீட்டர் தள்ளி. கண் எரிந்தது.

"நான்தான், அண்ணே."

"நல்லாப் பாத்துச் சொல்லு. யாரு ஏத்துனாங்களோ அவங்கதான் ஓட்டுறவங்க. அவங்களுக்குத்தான் கயிறு கட்டுவேன்."

"நான்தாண்ணே. கட்டுங்க."

சன்னாசி அவன் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லிச் சூடம் காட்டினார். கறுப்புக் கயிற்றை ஸ்டீயரிங்கில் மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். கற்பூரச் சுவாலை வண்டிப் பக்கமாகவே சாய்ந்து எரிந்தது. காற்று இல்லை.

"சரி, ஒரு தடவ வாரேன்," என்றாள் தினேஸ்வரி, அந்த வெள்ளிக்கிழமை வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு. "அப்பாக்கு வயசு திரும்பிருச்சு போல. எக்ஸாஸ்ட் சத்தத்துக்கு நாய் ஓடுது." பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "ஆனா ஒண்ணு. தூங்குனீங்கன்னு தெரிஞ்சா அதோட முடிஞ்சுச்சு, ப்பா. மறுபடி நான் ஏற மாட்டேன்."

அந்த ஞாயிறு அவன் தூங்கவில்லை. வண்டி உதறிய உதறலில் இருவரும் தாப்பா வரை சிரித்துக்கொண்டே போனார்கள்.

தூக்கம் வந்தது வேலை நாள்களில். முதல் முறை ஒரு புதன்கிழமை காலை ஏழரை மணி. சுண்ணாம்பு மலைகளின் இடுப்பில் பனி தொங்கிக்கொண்டிருந்தது. கோப்பேங் விளக்குக் கம்பத்தைப் பார்த்த ஞாபகம் அவனுக்கு இருந்தது. அடுத்து அவன் பார்த்தது சிலிபின் வீட்டுக் கேட். வண்டி நேராக நின்றிருந்தது. இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் இருபது கிலோமீட்டர், நான்கு சிக்னல், ஒரு வளைவுப் பாலம், எதுவும் அவனிடம் இல்லை. முழங்கால் ஸ்டீயரிங்கில் இடித்துக்கொண்டிருந்தது. இருக்கை இரண்டு பல் முன்னால் வந்திருந்தது. கண்ணாடி பின்சீட்டைக் காட்டியது.

சாவியைப் பிடுங்கிக்கொண்டு இறங்கி ஓடினான். ஆனால் வீட்டுக்குள் போய்ப் படுத்தபோது, பல மாதங்களாக அறியாத ஒரு இளைப்பாறல் எலும்புவரை இறங்கியிருந்ததை அவன் உணராமல் இல்லை. அதுதான் தவறாகப் போயிற்று. அடுத்த வாரம் மறுபடி நடந்தபோது பயம் பாதியாகக் குறைந்திருந்தது. மூன்றாவது வாரம், ஆலை வாசலைத் தாண்டியதும் அவனே கண்ணைக் கொஞ்சம் தளர விட்டான். எவ்வளவோ களைப்பு. யாரோ கொண்டுபோய் விடுகிறார்கள் என்றால் விடட்டுமே.

ஒவ்வொரு முறையும் இருக்கை ஒரு பல் கூடுதலாக முன்னால் வந்தது. ஒவ்வொரு முறையும் வீடு சேர்கிற நேரம் பத்து நிமிடம் தாமதமாயிற்று. பிறகு இருபது. பிறகு நாற்பது. டயர் பட்டைகளில் செம்மண் ஏறியிருந்தது. வைப்பரில் காய்ந்த சருகு. ஒருநாள் கால்மிதியைத் தட்டியபோது, உள்ளிருந்து மூன்று ரப்பர் கொட்டைகள் உருண்டு விழுந்தன. பளபளவென்று, பழுப்புப் புள்ளிகளோடு, இன்று காலை வெடித்து விழுந்தவைபோல. வண்டிக்குள் ஒட்டுப்பால், மரவெட்டில் உறைந்துபோகிற ரப்பர்ப் பால், நாறியது. தோட்டத்தில் பிறந்த எவனுக்கும் அந்த நாற்றம் தெரியும். ரப்பர் வெட்டுகிற தோட்டமே இல்லாத சாலையில் அது எங்கிருந்து ஒட்டிக்கொண்டு வரும்?

மழை விட்ட ஒரு காலை, தூங்கிவிடாமல் தொடையைக் கிள்ளிக்கொண்டே பத்தாங்கட்டைக் கோயிலுக்குப் போனான். சன்னாசி இல்லை. முன்வாசலில் மழைத்தண்ணீர் எந்தப் பக்கமும் ஓடாமல், தட்டில் ஊற்றியதுபோல் அசையாமல் நின்றது. சரிவு என்று அவன் நினைத்த தரை. ஒரு விரற்கடை சரிவுகூட இல்லை.

நேரே தீபனிடம் வந்தான்.

"இந்தச் சீட்டு நகரவே கூடாது. தரையோட முறுக்கிரு."

தீபன் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, கேலி செய்ய எடுத்த வாயை மூடிக்கொண்டான். ரயிலைத் துளைத்து நான்கு தடித்த போல்ட்டுகளைப் போட்டு, முழு பலத்தோடு இறுக்கினான். "இனி கிரேன் வந்தாத்தான் நகரும், அண்ணே. ஒரு வாரம் லீவு போட்டுத் தூங்குங்க லா."

லீவு கிடைக்கவில்லை. ஆனால் இரண்டு வாரம் இருக்கை அசையவில்லை, கண்ணாடி சரியவில்லை, செம்மண் இல்லை. மூன்றாம் ஞாயிறு தினேஸ்வரியை ஏற்றிக்கொண்டு கிளம்பினான். சிம்பாங் பூலாய் தாண்டும்போது அவள் பரீட்சையைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டோம், ப்பா."

விடுதி வாசல். அவன் கைகள் மடியில் கிடந்தன. முழங்கால்கள் நெஞ்சோடு ஒட்டியிருந்தன.

தினேஸ்வரி பையை எடுத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். "ஏன் இப்பல்லாம் ஸ்டீயரிங்கக் கட்டிப் பிடிச்ச மாதிரி உக்காந்து ஓட்டுறீங்க? ஒரு வார்த்தகூடப் பேசல. ஆனா நல்லா ஓட்டுறீங்க, ப்பா. பிரேக்கே தெரியல. ஜனவரிக்கு அப்புறம் இன்னைக்குத்தான் நான் வண்டில பயப்படாம வந்தேன்." அவள் கை, பழக்கத்தில், முறிந்து கூடிய தோள் எலும்பைத் தடவியது. "எப்பவும் இப்படியே ஓட்டுங்க."

தான் தூங்கிவிட்டதாகச் சொல்ல வாயைத் திறந்தான். சொன்னால் அவள் மறுபடி ஏற மாட்டாள். "சரிம்மா," என்றான்.

அவள் போனபின் இருக்கைக்கு அடியில் கையை விட்டுத் துழாவினான். நான்கு ஓட்டைகள். போல்ட்டுகள் இல்லை. அவை அவன் சட்டைப் பையில் இருந்தன, எண்ணெய்ப் பிசுக்கோடு, இன்னும் சூடாக. விரல் நகங்களுக்குள்ளும் எண்ணெய் இருந்தது.

அங்கிருந்தே பாரிட் புந்தாருக்குப் போன் செய்தான். ஸ்கந்தராஜா உடனே எடுத்தார். வண்டி என்ற சொல்லைக் கேட்டதும் குறுக்கிட்டார்.

"தம்பி, நீர் இப்ப எங்க இருக்கிறீர்? முன்னாலயோ, பின்னாலயோ?"

"முன்னாலதான், சார்."

"அப்ப இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கு," என்றார் பெரியவர். "நித்திரை கொள்ளாதேயும்."

போன் நின்றுவிட்டது.

மறு வெள்ளிக்குள் விற்றுவிட வேண்டும் என்று எண்ணினான். வாங்க யாரும் வரவில்லை. வாரம் முழுக்கப் பஸ்ஸில் வேலைக்குப் போனான். ஞாயிற்றுக்கிழமை மதியத்திலிருந்து மழை. தினேஸ்வரியைப் பஸ்ஸில் போகச் சொல்ல வாயெடுத்தபோது, அவள் ஏற்கெனவே பையை வண்டியில் வைத்துவிட்டு முன்சீட்டில் உட்கார்ந்து அவனுக்காகக் காத்திருந்தாள். ஏழு மாதம் அவன் பார்க்க ஏங்கிய காட்சி அது. எட்டு மணிக்கு விடுதிக் கதவு சாத்திவிடுவார்கள். இன்னொரு மணி நேரம். ஒரே ஒரு மணி நேரம் விழித்திருந்தால் போதும்.

பால் இல்லாத கோப்பி ஓ இரண்டு குடித்தான். நாக்கின் அடியில் உப்புப் பிளம் ஒன்றை வைத்துக்கொண்டான். சன்னலைத் திறந்து மழைச்சாரலை முகத்தில் வாங்கிக்கொண்டான். போல்ட்டுகளை அவனே மறுபடி முறுக்கியிருந்தான். அந்திக் கருக்கலில் லோரிகளின் சிவப்பு விளக்குகள் ஈரச் சாலையில் நீண்டு நீண்டு உருகின. தாரின் வெப்பமும் மழையும் கலந்த வாசம். எக்ஸாஸ்ட்டின் கரகரப்பு. வைப்பர் இந்தப் பக்கம், அந்தப் பக்கம். ஸ்டீயரிங்கில் கட்டிய கறுப்புக் கயிறு அவன் உள்ளங்கையில் உறுத்தியது. அந்த உறுத்தலைப் பிடித்துக்கொண்டான்.

"ஏதாச்சும் பேசும்மா."

"என்ன பேச?"

"என்னமாச்சும்."

அவள் பேசினாள். ஆசிரியர் ஒருவரைப் பற்றி. விடுதிச் சாப்பாடு. கோப்பேங் போயிற்று. அவன் எண்ணினான், கம்பம் கம்பமாக. முப்பத்தொன்று. முப்பத்திரண்டு. உப்புப் பிளம் கரைந்துவிட்டது. முப்பத்து...

வைப்பர் இந்தப் பக்கம்.

அந்தப் பக்கம்.

ஒட்டுப்பால் நாற்றத்தில் விழித்தான்.

மழை நின்றிருந்தது. வண்டி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. கீழே தார் இல்லை, மண். பெல்ட் மார்பில் இறுகியிருந்தது. ஆனால் தவறான பக்கத்தில். முகத்துக்கு நேரே ஒரு சீட்டின் முதுகு இருந்தது. கையை நீட்டினான். கதவுக் கைப்பிடி இல்லை. அங்கே கதவே இல்லை.

பின்சீட்டு.

பக்கத்தில் வெதுவெதுப்பு. தினேஸ்வரி. அவளும் பெல்ட் போட்டிருந்தாள். தலையை அவன் தோளில் சாய்த்து, கண்ணை மூடியிருந்தாள்.

"தினேஸ். எப்ப... எப்பம்மா பின்னால வந்தே?"

"நீங்கதானே கூப்பிட்டீங்க." தூக்கத்தில் குழறிய குரல். "தூங்குங்க, ப்பா. நல்லாத்தான் ஓட்டுறாங்க."

ஓட்டுநர் இருக்கை ஸ்டீயரிங்கை முட்டிக்கொண்டு முன்னால் போயிருந்தது. அதற்கு மேலே தலை எதுவும் தெரியவில்லை. கயிறு கட்டிய ஸ்டீயரிங் இடதுபக்கம் திரும்பியது. அளவாக. பொறுமையாக. கியர் விழுந்தது. இரண்டு முறை ஹார்ன் ஒலித்தது.

அவன் சட்டைப் பையில் நான்கு போல்ட்டுகள் கனத்தன.

விளக்கு வெளிச்சத்தில் ரப்பர் மரங்கள் வந்தன. நிரை நிரையாக. ஒவ்வொரு மரத்திலும் புதுவெட்டு, அதன்கீழே பால் வடிகிற மங்கு. ஒவ்வொரு மரத்தடியிலும் ஒருவர் நின்றிருந்தார், காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு நிற்பதுபோல், சாலையைப் பார்த்து. சிலருக்குத் தோட்டத்து உடை. சிலருக்கு அலுவலக உடை. எல்லோர் கண்ணும் மூடியிருந்தது. ஊதா நிறச் சேலையில் ஓர் அம்மாள், மடித்த கையில் கறுப்புக் கைப்பையோடு, சன்னலுக்கு வெளியே நெருங்கி வந்து பின்னால் போனாள்.

அவளுக்கு அடுத்த இரண்டு மரங்களின் அடியில் மட்டும் யாரும் இல்லை.

வண்டி வேகம் குறைந்தது. திரும்புகிற சிக்னல் விழுந்தது. டிக். டிக். உள்கண்ணாடி, யாருடைய கையும் படாமல், மெல்லத் தாழ்ந்து, அவர்கள் இருவரையும் காட்டி நின்றது.

முன்சீட்டு, வழிவிட, சாயத் தொடங்கியது.